அய்யர் பங்களாவில் இருந்து விளக்குத்தூண் வரை: பதினாலு மாதம் சைக்கிளில் போய் வந்தவளின் ரிவ்யூ

பிரியாணிக் கடைக்கு ரிவ்யூ எழுதுகிறார்கள், மிக்சிக்கு எழுதுகிறார்கள், பல் டாக்டருக்குக்கூட எழுதுகிறார்கள். நான் தினமும் இரண்டு வேளை பயன்படுத்துகிற ஒன்றுக்கு மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன். சைக்கிள் ஓட்டுகிற ஆளுக்கு மதுரை ரோடு எப்படி இருக்கிறது, அதுதான் விஷயம்.

முதலில் என் சைக்கிளைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது ஒருவர் எந்த கியர், என்ன பிரேம் என்று ஆரம்பிப்பார். கியர் கிடையாது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், செயினுக்கு முழுக் கவர், துப்பட்டா மாட்டாமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு வலை. ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கின சாதாரண லேடீஸ் சைக்கிள். விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு அய்யர் பங்களா. வீட்டில் இருந்த ஒரே ஸ்கூட்டியை வீட்டுக்காரர் திருமங்கலம் பக்கம் வேலை கிடைத்ததும் எடுத்துக்கொண்டார். எனக்கு பஸ் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் ஓட்டினது மறக்காது என்கிறார்களே, பார்ப்போம் என்று இறங்கினேன். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை இரண்டு வருஷம் மிதித்த கால்தான், ஆனால் அதற்கப்புறம் பதினேழு வருஷம் சும்மா இருந்த கால். முதல் வாரம் படியேறவே முடியவில்லை. அது ரோட்டின் குற்றம் இல்லை என்பதால் மார்க் குறைக்கவில்லை.

நத்தம் ரோட்டில் ஆரம்பிக்கிறேன். அய்யர் பங்களாவில் தலைக்கு மேலே பறக்கும் பாலம். 7.3 கிலோமீட்டர் நீளம், 2023 ஏப்ரலில் திறந்தார்கள். பாலத்தைக் கட்டின யாரும் சைக்கிளை நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் என்னைக் கேட்டால் மதுரையில் சைக்கிளுக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான். அவசரமாகப் போகிற கார், வெளியூர் பஸ் எல்லாம் மேலே ஏறிவிடுகின்றன. கீழே மிஞ்சுவது கடைக்கு வந்தவர்கள், ஸ்கூல் வேன், டவுன் பஸ், நாங்கள். வேகம் குறைந்த ரோட்டில் சைக்கிளுக்குத் தனிப் பாதையே தேவையில்லை என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இந்தப் பாலத்துக்குக் கீழே ஓட்டித் தெரிந்துகொண்டேன்.

நிழல் கதை வேறு. பாலத்துக்குக் கீழே போனால் வெயிலே படாது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். டவுனுக்குத் தெற்கே பார்த்துப் போகவேண்டும். இடதுபக்கமாகப் போனால் பாலத்துக்குக் கிழக்கே இருப்பேன். காலை வெயிலும் கிழக்கே. நிழல் முழுசும் எதிர்வரிசையில் வருகிறவர்களுக்கு. சரி, சாயங்காலமாவது கிடைக்கும் என்றால், வடக்கே திரும்பி வரும்போது நான் பாலத்துக்கு மேற்கே, சூரியனும் மேற்கே. அப்போதும் நிழல் எதிர்வரிசைக்குத்தான். பதினாலு மாதமாக நிழலைப் பார்த்துக்கொண்டே வெயிலில் போகிறேன். மழைக்கு ஒதுங்க மட்டும் பாலம் நல்லது, ஆனால் மழை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மேலே இருந்து தண்ணீர் ஊற்றும், அண்ணாந்து பார்க்காமல் நனைந்தால் நான் பொறுப்பில்லை. இந்தப் பகுதிக்கு ஐந்துக்கு மூன்றரை.

நாராயணபுரம் தாண்டி, பெரிய நூலகம் தாண்டி, தல்லாகுளம் பக்கம் வரவர மேலே போன கூட்டமும் இறங்கி நம்மோடு சேர்ந்துகொள்ளும். இங்கேதான் ஷேர் ஆட்டோவைப் பற்றிச் சொல்லவேண்டும். சைக்கிளுக்கு என்று ரோட்டில் மிச்சம் இருப்பது இடது ஓரத்து மூன்றடி, அதே மூன்றடிதான் ஷேர் ஆட்டோவுக்கு ஸ்டாப், பழவண்டிக்குக் கடை, பைக்குக்கு பார்க்கிங், எதிர்த்திசையில் வருகிறவர்களுக்குக் குறுக்குவழி, மழை நாளில் சாக்கடைக்கும் பாதை. ஆளைப் பார்த்ததும் ஷேர் ஆட்டோ அப்படியே நிற்கும். அது நிற்கப்போகிறது என்று எப்படித் தெரியும் என்றால், பிரேக் விளக்கைப் பார்க்கக் கூடாது, ரோட்டோரம் நிற்கிற ஆளின் கையைப் பார்க்கவேண்டும். கை லேசாக எழுந்தாலே நான் பிரேக் பிடித்துவிடுவேன். இது பழக மூன்று மாதம் ஆனது.

கோரிப்பாளையத்துக்கு மார்க்கே போடப் போவதில்லை. நாலாபக்கமும் இருந்து வந்து கொட்டுகிற வண்டி, பெரியாஸ்பத்திரிக்கு அலறிக்கொண்டு போகிற ஆம்புலன்ஸ், அதற்கு வழி விடுகிறேன் என்று ஓரம் கட்டுகிறவர்கள் கட்டுவது சைக்கிள் இருக்கிற ஓரத்தில். மேம்பாலம் வேலை நடந்த மாதங்களில் தகரத் தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஹேண்டில்பார் அகலத்துக்குத்தான் இடம். இரண்டாவது வாரமே ஒரு ஆட்டோவின் கண்ணாடி ஹேண்டில்பாரில் தட்டி விழுந்தேன். முட்டி சிராய்ப்பு, சாப்பாட்டு டப்பா உருண்டு நடுரோட்டுக்குப் போய்விட்டது. "யக்கா, சைக்கிளை எல்லாம் ஏன்க்கா இங்கிட்டுக் கொண்டாறீக?" என்று அந்த ஆட்டோத் தம்பி உண்மையான அக்கறையோடுதான் கேட்டான், டப்பாவை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். எங்கிட்டுக் கொண்டுபோகணும் என்று நான் கேட்டதற்கு அவனிடமும் பதில் இல்லை. அன்றைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே வைகை மேல் இருக்கிற ஏ.வி. பாலத்தைக் கடந்தேன். 1889-ல் மாட்டுவண்டி போன காலத்தில் திறந்த பாலம். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் இதன் மேல் நிற்க இடம் கிடைக்காது, எனக்கு மற்ற நாளிலும் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் வழியை மாற்றினேன். ரிவ்யூவில் உங்களுக்கு உருப்படியாகப் பயன்படப்போவது இந்த ஒரு பத்திதான் என்று நினைக்கிறேன். தல்லாகுளம் நெரிசல் வருவதற்கு முன்பே இடதுபக்கம் ஒடித்துவிடுங்கள். ராஜா முத்தையா மன்றம், கலெக்டர் ஆபீஸ், காந்தி மியூசியம் என்று அந்தப் பக்கமே வேறு ஊர் மாதிரி இருக்கும். மரம் இருக்கிறது, மூச்சு விட முடிகிறது. அங்கிருந்து குருவிக்காரன் சாலை, ஆற்றுப் பாலம், அந்தக் கரையில் காமராஜர் சாலை, கீழவாசல், விளக்குத்தூண். ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல், என் மிதிக்கு ஏழெட்டு நிமிஷம். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிற நேரத்தைக் கழித்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான். சைக்கிளில் புதிதாக டவுனுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, கூகுள் மேப் காட்டுகிற பைக் வழியில் போகாதீர்கள், கிட்டத்து வழியைவிட மரம் இருக்கிற வழியைப் பாருங்கள். நாலு.

வைகைக் கரை ரோட்டைப் பற்றியும் கேட்பீர்கள். ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் மதுரை 2016-ல் சேர்ந்ததற்கப்புறம் டவுனில் நடந்த வேலைகளில் ஆற்றங்கரை வேலையும் ஒன்று. ஓட்ட நன்றாக இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. சிக்னல் இல்லை, காற்று வருகிறது, சாயங்காலம் எருமைகள் மேய்ந்துவிட்டுக் கரையேறி வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் ஒவ்வொரு பாலம் வரும்போதும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சுகம் முறியும், குறுக்கே போகிற வண்டிகளுக்குக் காத்து நின்று மறுபடி பிடிக்கவேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை முள். ஆற்றுக்குள் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலம்தான் அதிகம், வெட்டினதை அள்ளும்போது சிந்தினதும் காற்றில் வந்ததும் கரை ரோட்டில் கிடக்கும். முதல் ஆறு மாதத்தில் எனக்கு ஒன்பது பஞ்சர், அதில் ஏழு கரை ரோட்டில் வந்த நாள். ரெண்டரை.

பஞ்சர் என்றதும் பஞ்சர் கடைக்கு வருகிறேன், இந்த ரிவ்யூவில் நான் முழு மார்க் கொடுக்கப்போகிற ஒரே இடம். வழியில் ஒரு வேப்பமரத்தடியில், போர்டுகூட இல்லாமல், தொங்கவிட்ட பழைய டயர்தான் அடையாளமாக ஒரு கடை. பெரியவருக்கு எழுபது இருக்கும். அந்தக் காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் விட்டவர், இப்போது வருவது பெரும்பாலும் பைக்தான் என்கிறார். முதல் தடவை உருட்டிக்கொண்டு போனபோது சைக்கிளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கிட்டு வழியா வர்ற தாயி?"

"ஆத்தோரமா வந்தேன் அய்யா."

"அப்ப முள்ளுதேன்."

டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை உருவி, காற்று அடித்து, தண்ணீர் பேசனில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திச் சுற்றிக்கொண்டே வந்தார். குமிழி வந்த இடத்தில் குச்சியால் ஒரு குத்து. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொலூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, துண்டை ஒட்டிச் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. இதுவரை எல்லாரும் செய்கிறதுதான். டியூபைத் திரும்ப மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. கொறடால் கவ்வி இழுத்தால் அரை நெல் அளவு முள் முனை, வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. "இத விட்டுட்டுத்தேன் அவசரத்துல ஒட்டி அனுப்பிருவாய்ங்க, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மறுபடி இறங்கிரும்" என்று அதை என் உள்ளங்கையில் வைத்தார். அதற்கு முந்தின வாரம் வேறு ஒரு கடையில் ஒட்டி அன்றைக்கே இறங்கின பஞ்சரின் கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முப்பது ரூபாய். சில்லறை இல்லை என்றால் நாளைக்குக் கொடு என்பார்.

காற்று அடிக்கிற விஷயமும் அவரிடம்தான் கற்றேன். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தானே என்று ஒருநாள் போய் நின்றேன். அந்த மெஷினின் குழாய், பைக், கார் வால்வுக்கு ஏற்றது. என்னுடையது மாதிரிச் சாதாரண சைக்கிள் டியூபில் இருப்பது உள்ளே ரப்பர் போட்ட பழைய மாதிரி வால்வு, நம் ஊர்க்காரர்கள் வால்டியூப் என்பார்களே, அது. இரண்டும் சேராது. கியர் சைக்கிளில் பெரும்பாலும் பைக் மாதிரி வால்வு வருவதால் அவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. ஆக, டீக்கேன் கட்டின சைக்கிளும் ஸ்கூல் பிள்ளைகளின் சைக்கிளும் காற்றுக்கு இந்த மாதிரிக் கடைகளைத்தான் நம்பி இருக்கின்றன. மதுரையில் சைக்கிளுக்கான வசதி என்று யாராவது கணக்கெடுக்க வந்தால் ரோட்டில் அடித்த பெயிண்டை விட்டுவிட்டு முதலில் கால் பம்பு வைத்திருக்கிற கடைகளை எண்ணட்டும். ஐந்துக்கு ஐந்து. வெள்ளிக்கிழமை மதியம் இருக்க மாட்டார்.

இனி டவுனுக்குள். மாசி வீதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்தான். சித்திரைத் தேர் திரும்புகிற வீதிகள், அகலத்துக்கு என்ன குறைச்சல்? சைக்கிள் பாதை எப்படிப் போடவேண்டும் என்று, ரோடு போடுவதற்கு விதிமுறை எழுதுகிற அமைப்பான இந்திய ரோடு காங்கிரஸ் 1962-லேயே வழிகாட்டி எழுதி, 2015-ல் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது. குறைந்தது இரண்டு மீட்டர் அகலம், அவ்வளவுதான் கேட்கிறார்கள். தேர் போகிற வீதியில் இரண்டு மீட்டர் கிடைக்காதா? கிடைக்கிறது, அதில் பைக்கை நிறுத்தியிருக்கிறோம். நடைபாதையை ஒட்டி ஒரு வரிசை பைக், அதை ஒட்டி லோடு இறக்குகிற குட்டியானை, அதற்கப்புறம்தான் ரோடு. ஆகவே ஓரமாகப் போ ஓரமாகப் போ என்று பின்னால் இருந்து ஹாரன் அடிக்கிறவருக்கு நான் சொல்லிக்கொள்வது, நான் ஓரமாகத்தான் அண்ணே போகிறேன், ஓரமே நடு ரோட்டில்தான் இருக்கிறது. தீபாவளி சமயத்தில் கீழவாசலிலேயே இறங்கி உருட்டிவிடுவேன். அந்த நேரத்தில் உருட்டுகிறவர்தான் எல்லாரையும்விட வேகமாகப் போவார், இது அனுபவம். ஒன்றரை, அதுவும் சாதாரண நாளுக்கு.

சைக்கிளை எங்கே விடுவது என்பது ஓட்டுவதைவிடப் பெரிய சோலி. எங்கள் கடைக்கு முன்னால் முதலாளி காரும் வாடிக்கையாளர் பைக்கும் நிற்கவே இடம் இல்லை. முதல் மாதம் விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டேன், இரண்டு தடவை பெல்லைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெல்லை மட்டும் ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. ஒரு பெரிய துணிக்கடையில் சேலை எடுக்கப் போனபோது பேஸ்மென்ட் பார்க்கிங்கில் செக்யூரிட்டி, "சைக்கிள் நிறுத்த முடியாதுங்க மேடம், டோக்கன் போட நம்பர் பிளேட் வேணும்" என்றார். கம்ப்யூட்டர் கேட்கிறதாம். ஏழாயிரம் ரூபாய்ச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே சைக்கிளுக்குக் காவல் நிற்கவா முடியும், திரும்பி வந்துவிட்டேன். நஷ்டம் அவர்களுக்குத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் அந்தச் சேலை நன்றாக இருந்தது.

கடைசியில் டவுனுக்குள் ஒரு பழைய ஸ்டாண்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் "இருசக்கர வாகனங்கள் மட்டும்" என்று போர்டு. சைக்கிளுக்கும் இரண்டு சக்கரம்தானே என்று நான் கேட்டதும் அந்த அண்ணன் சிரித்துவிட்டார். மாதம் நூற்றைம்பது ரூபாய். நம்பர் அடித்த தகர வில்லை ஒன்று கையில், ஜோடி வில்லை ஹேண்டில்பாரில். முன்பெல்லாம் பாதி இடம் சைக்கிளாம், இப்போது பின்சுவரை ஒட்டி ஒரே ஒரு வரிசை. குறை என்னவென்றால் சாயங்காலம் நம் சைக்கிள் முன்னால் எட்டு பைக் நிற்கும், ஒவ்வொன்றாக நகர்த்தித்தான் எடுக்கவேண்டும். சைடு லாக் போட்ட பைக் ஒன்று நடுவில் மாட்டினால் கால் மணி நேரம் போச்சு. மூன்று மார்க், அந்த அண்ணனின் பொறுமைக்கு ஒரு அரை.

நேரம் கிடைத்தால் ஒருநாள் காலை ஐந்தரைக்கு ரோட்டைப் பாருங்கள். சைக்கிள் எல்லாம் ஒழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேப்பர் போடுகிற பையன்கள், இடியாப்பக் கூடை, பருத்திப்பால் பானை, கேரியரில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டின கொத்தனார், பூக்கூடையோடு ஒரு அக்கா. இவர்களில் ஒருத்தர் தலையிலும் ஹெல்மெட் கிடையாது, சைக்கிளிங் என்ற வார்த்தையையும் இவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் ரோட்டில் பளபளவென்று கூட்டமாகப் போகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சைக்கிள் பாதை என்று யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு நேராகப் பூங்காவுக்குள்ளும் கண்மாய்க் கரைக்கும்தான் போகிறது. 2020-ல் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி நகரங்களை எல்லாம் சைக்கிளுக்கு ரோட்டை மாற்றிக் காட்டுங்கள் என்று ஒரு போட்டிக்கு அழைத்தது, சைக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்று பெயர். நல்ல யோசனை. ஆனால் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே இறங்குகிற பாதை பருத்திப்பால்காரருக்கு எதற்கு? அவர் ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குப் போகவேண்டியவர். எனக்கு வேண்டியதும் அதுதான்: கோரிப்பாளையத்தைக் கடக்க ஒரு வழி, மாசி வீதியில் பைக் நிறுத்தாத இரண்டு மீட்டர், சாக்கடை மூடியில் சக்கரம் இறங்காத கம்பி. கம்பி ரோட்டுக்குக் குறுக்காக இருந்தால் சக்கரம் தாண்டிவிடும், ரோடு போகிற திசையிலேயே இருந்தால் உள்ளே இறங்கிவிடும். அதைத் திருப்பிப் போட எவ்வளவு செலவாகும்?

இரவுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாக் எடுக்கிற நாட்களில் ஒன்பது மணி ஆகிவிடும். எதிரே வருகிற பைக்கின் வெள்ளை விளக்கில் பள்ளம் தெரியாது. நம்மிடம் இருக்கிற சின்ன விளக்கு நமக்குப் பாதை காட்டுவதற்கு இல்லை, அடுத்தவருக்கு நம்மைக் காட்டுவதற்கு. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை மட்கார்டிலும் கேரியரிலும் ஒட்டினேன், நாற்பது ரூபாய். அதற்கப்புறம் பின்னால் வருகிறவர்கள் ஒரு முழம் தள்ளிப் போகிறார்கள். உடம்பு இளைத்ததா என்று எல்லாரும் கேட்பதால் சொல்கிறேன், இளைக்கவில்லை, நன்றாகப் பசிக்கிறது.

பதினாலு மாதத்தில் செலவு: பஞ்சர், பிரேக் கட்டை, ஒரு டியூப், ஒரு ஓவராயில், இரண்டு பெல், எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். பின் டயர் வழவழ என்று ஆகிவிட்டது, வருகிற சனிக்கிழமை வேப்பமரத்தடியில் மாற்றவேண்டும். முள் தாங்குகிற மாதிரிக் கொஞ்சம் கனமான டயர் வாங்கி வைக்கிறேன் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். கரை ரோட்டில் அது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு இதிலேயே சேர்க்கிறேன்.